வாலைப் பார்க்காமல் எழுதிய வரலாறு

2017 டிசம்பரில், இலங்கையின் முதல் தேசிய விமான சேவையான எயார் சிலோனின் முதல் பறப்புக்கு எழுபது வருடம். எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்கு அதைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நான் ஓய்வுபெற்ற கணக்காளன். வரலாறு எழுதிப் பழக்கமில்லை. ஆனால் பிளேன் என்றால் சிறுவயதிலிருந்தே பைத்தியம். அத்துடன் கையில் ஒரு துருப்புச்சீட்டும் இருந்தது. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் டக்கோட்டா விமானத்துக்குப் பக்கத்தில் மாமி சேலையோடு நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் அது. "அந்த முதல் பிளேனிலைதான் மோனை நான் போனனான்" என்று அவர் சொல்லிக் கேட்டே வளர்ந்தவன் நான். படத்தைப் போட்டேன். கீழே "10 டிசம்பர் 1947, இலங்கையின் முதல் தேசிய விமான சேவையின் முதல் பயணிகளில் ஒருவர்" என்று எழுதினேன்.

மலர் வெளிவந்து இரண்டு கிழமையில் ஒரு தொலைபேசி அழைப்பு. எண்பதைத் தாண்டிய குரல்.

"தம்பி, கட்டுரை நல்லாயிருக்கு. படத்திலை வாலைப் பார்த்தனீரோ?"

பார்க்கவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வாலுக்குக் கிட்ட 4ஆர் என்று எழுத்துகள் தொடங்கின. எந்த நாட்டு விமானம் என்று காட்டும் பதிவு எழுத்து இலங்கைக்கு முதலில் விபி-சி என்று இருந்தது. பிறகு கொஞ்சக் காலம் சி-வை. அதற்கும் பிறகு வந்ததுதான் 4ஆர். 1947இல் 4ஆர் என்று எழுதிய பிளேன் இந்த உலகத்தில் இல்லை.

வெட்கக்கேடு அதோடு முடியவில்லை. மாமி பிறந்தது 1935இல். 1947இல் அவருக்குப் பன்னிரண்டு வயது. படத்தில் நிற்பவர் தாலிக்கொடியோடு நிற்கிறார். நாற்பது வருடம் மற்றவர்களின் கணக்கில் பிழை பிடித்துச் சம்பளம் வாங்கியவனுக்கு 1947இலிருந்து 1935ஐக் கழிக்கத் தோன்றவில்லை.

அந்த அவமானத்தில்தான் உண்மையில் தேட ஆரம்பித்தேன். இப்போது ஏழெட்டு வருடமாகிறது. ஊரில் ஓடிய ரயிலோ பஸ்ஸோ கப்பலோ, ஏதோவொன்றின் கதையை எழுத நினைப்பவர்களுக்கு நான் பட்ட பாடு உதவும் என்பதால் சொல்கிறேன்.

முதலில் மாமியிடம் திரும்பப் போனேன். "நீங்கள் போனது எந்த வருடம்" என்று இனிக் கேட்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். வருடம் கேட்டால் மனிதர்கள் பெருமைக்குரிய வருடத்தைத்தான் சொல்வார்கள். "மாமி, எந்தக் கதவாலை ஏறினீங்கள்? உள்ளே நடக்கேக்கை எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, பின்பக்கத்துக் கதவால் ஏறினதாகவும், சீட்டுக்குப் போக மேடு ஏறுகிற மாதிரி நடந்ததாகவும், மாமா பின்னால் நின்று முதுகில் கை கொடுத்துத் தள்ளினதாகவும் சொன்னார். சரியான டக்கோட்டா. அதன் சிறிய சக்கரம் வாலில் இருக்கும். தரையில் நிற்கும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும், உள்ளே நடைபாதை சரிவாகத்தான் இருக்கும். அப்புறம் எங்கே போனீர்கள் என்றேன். திருச்சி, அங்கிருந்து ரயிலில் சிதம்பரம், கல்யாணமான புதிது என்றார். கல்யாணப் பதிவு 1957. அவ்வளவுதான், படத்தின் வருடம் கிடைத்துவிட்டது.

அப்படியானால் முதல் பிளேன் கதை பொய்யா? அதையும் கேட்டேன். கொஞ்சம் கோபம் வந்தது அவருக்கு. "பொய் சொல்லுவனே? ஐயாவின்ரை சைக்கிள் பாரிலை இருந்து வேலியாலை பார்த்தனான்." பன்னிரண்டு வயதில் வேலிக்கு வெளியே நின்று பார்த்தது ஒரு நினைவு. இருபத்திரண்டு வயதில் ஏறிப் போனது இன்னொன்று. அறுபது வருடத்தில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. இரண்டுமே உண்மை. வயதானவர்களிடம் கதை கேட்கும்போது, தேதி பிழைத்துவிட்டது என்பதற்காகக் கதையையே தூக்கி எறியாதீர்கள். உள்ளே இரண்டு கதைகள் இருக்கக்கூடும்.

சரி, அந்த முதல் பறப்புக்கு வருவோம். 1947 டிசம்பர் 10. சுதந்திரம் கிடைக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நாடு பிறக்கும் முன்பே நாட்டின் விமான சேவை பிறந்துவிட்டது. அமைச்சராக இருந்து அதை முன்னின்று நடத்தியவர் ஜோன் கொத்தலாவல. யுத்தம் முடிந்து மலிவாகக் கிடைத்த டக்கோட்டாக்கள் மூன்றுக்கும் சீதா தேவி, விஹாரமகா தேவி, சுனேத்ரா தேவி என்று பெயர் வைத்தார்கள். கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறைக்குப் பக்கத்தில் பலாலியில் இறங்கி, அங்கிருந்து அப்போதைய மதராஸுக்குப் போனதுதான் முதல் பாதை. லண்டனோ சிங்கப்பூரோ இல்லை. எங்கள் ஊர்ப் பாதை. பலாலி ஓடுபாதையே இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானிய விமானப்படைக்காகப் போட்டது.

இந்த இடத்தில் என்னைத் திருத்திய அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் போடவேண்டாம் என்றார், போடவில்லை. அறுபதுகளில் பலாலியில் டிராபிக் கிளார்க்காக இருந்தவர். விமான வரலாறு என்றால் நாம் எல்லோரும் விமானியைத் தேடி ஓடுகிறோம். விமானிக்கு வானம் ஞாபகம் இருக்கும். கிளார்க்குக்குத்தான் யார் போனார்கள், எதைக் கொண்டுபோனார்கள், எந்தப் பிளேன் பிந்தி வந்தது என்பதெல்லாம் ஞாபகம் இருக்கும். அவர் வீட்டு விறாந்தையில் இருந்து ஒரு பழைய கொப்பியில் லோட் ஷீட், அதாவது பிளேனில் ஏற்றும் நிறையின் கணக்கு, எப்படிப் போடுவது என்று எனக்குக் கீறிக் காட்டினார். டக்கோட்டாவில் சாமான்களை மட்டுமல்ல, ஆட்களையும் தராசில் ஏற்றி நிறுப்பார்களாம். "பெண்டுகள் நிறையைச் சத்தமாச் சொல்ல விடமாட்டினம். நான் மெதுவாக் காதிலை கேட்டு எழுதுவன்." மாம்பழச் சீசனில் கறுத்தக்கொழும்பான் கூடைகளால் நிறை எகிறிவிடும் என்றும், ஒருமுறை கூடையை இறக்குவதா ஆளை இறக்குவதா என்று ஒரு குடும்பமே கூடி விவாதித்ததாகவும் சொன்னார். எது இறங்கியது என்று கேட்டேன். "மருமகன்" என்றார்.

அவர் எனக்குச் சொல்லித் தந்த ஒரே பாடம், "எந்தப் படத்தைக் கண்டாலும் பிளேன் ஆருடையது எண்டு முதல்லை கேளும்." வாலைப் பார் என்பதன் மறுபெயர்தான் அது. தொழில் தெரிந்தவரின் நுணுக்கம் என்று மட்டும் முதலில் நினைத்தேன். போகப்போகத்தான் எயார் சிலோனின் முழு வரலாற்றையும் திறக்கிற சாவி அதுவென்று விளங்கியது.

ஏனென்றால் எயார் சிலோன் தூரப் பாதைகளில் தனியாகப் பறந்த காலம் மிகக் குறைவு. 1949இல் அவுஸ்திரேலிய நிறுவனமான ஏஎன்ஏயுடன் கூட்டு. அவர்களுக்கு நூற்றுக்கு 49 பங்கு. டிசி-4 ஸ்கைமாஸ்டர்களில் ஒரு பக்கம் லண்டன், மறுபக்கம் சிட்னி. சில வருடங்களில் அது கலைந்தது. 1950களின் நடுவில் டச்சுக்காரரின் கேஎல்எம் வந்தது, கொன்ஸ்டலேஷனும் பிறகு எலெக்ட்ராவும் கொண்டுவந்தது. 1962இல் பிரித்தானிய பிஓஏசி வந்தது, முதலில் கொமெட், பிறகு விசி10. 1970களின் தொடக்கத்தில் பிரெஞ்சு யூடிஏ, டிசி-8. கூட்டாளி மாறும்போது பிளேன் மாறியது, சில வேளைகளில் விமானியின் மொழியும் மாறியது. மாறாமல் இருந்தது பெயர்ப்பலகை மட்டும்தான்.

இதைச் சொல்லப்போய் வீட்டில் ஒரு சண்டை. பெரியப்பா 1968இல் "எயார் சிலோனில்" லண்டன் போனவர். அந்தப் படம் அவர் மகனின் வரவேற்பறையில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. பின்பக்கத்தில் நான்கு எஞ்சின்களும் ஒட்டியிருக்கும் அழகான விசி10. உடம்பில் எயார் சிலோன் பெயரும் இருக்கிறது. ஆனால் பதிவு எழுத்து ஜி. பிரித்தானியாவின் எழுத்து. பிளேன் பிஓஏசியுடையது, பறப்பு எண்ணும் ரிக்கற்றும் நம்முடையவை. அண்ணாவிடம் சொன்னேன். "அப்ப அப்பா எயார் சிலோனிலை போகேல்லை எண்டு சொல்லுறியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். போனார்தான். ரிக்கற்றில் எயார் சிலோன் என்றுதானே இருக்கிறது! சின்ன நாட்டுத் தேசிய விமான சேவை என்றால் பெரும்பாலும் இப்படித்தான்: ரிக்கற் நம்முடையது, இறக்கை இன்னொருவருடையது. இதில் குறைவு எதுவும் இல்லை. லண்டன்வரை பறக்கும் ஜெட் ஒன்றை வாங்கி, அது பழுதானால் மாற்றுக்கு இன்னொன்றையும் வைத்திருக்க, ஒரு தேயிலைப் பொருளாதாரத்துக்குக் கட்டுபடியாகாது. கணக்காளனாகப் பார்த்தால் கூட்டுத்தான் புத்திசாலித்தனம். இதையெல்லாம் அண்ணாவிடம் சொல்லிப் பார்த்தேன். தேத்தண்ணி வரவில்லை.

சொந்தமாக வாங்கியவையும் உண்டு. 1964இல் அவ்ரோ 748 வந்தது. நான் முதன்முதலில் ஏறிய பிளேன் அதுதான், எழுபதுகளின் தொடக்கத்தில், பலாலியிலிருந்து இரத்மலானைக்கு. டார்ட் எஞ்சினின் கீச்சென்ற விசில் சத்தம் இறங்கி இரண்டு நாளுக்குக் காதில் இருந்தது. 1969இல் ட்ரைடென்ட் ஜெட் ஒன்றும் வாங்கினார்கள். உள்ளூர்ப் பாதைக்கும் பக்கத்து நாட்டுப் பாதைகளுக்கும்தான் அவை ஓடின. அதாவது, 4ஆர் என்று வாலில் எழுதி, சொந்தமாக, நிரந்தரமாகப் பறந்தது பெரும்பாலும் முதலில் தொடங்கிய அந்தக் குட்டிப் பாதைகளில்தான். இதை எந்த ஆண்டுமலரிலும் நான் காணவில்லை. பளபளப்பான மலர்களுக்கு லண்டன்தான் வேண்டும். நிறுவனங்களே வெளியிடும் மலர்களைப் படிக்கும்போது, அவை எந்த வருடங்களை ஒரே வசனத்தில் தாண்டுகின்றன என்று பாருங்கள். வேலை அங்கேதான் இருக்கிறது.

அப்படித் தாண்டப்படும் வருடங்களில் ஒன்று 1978. செப்டம்பர் 7, ஜே.ஆர். ஜெயவர்தனவின் புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாள். இரத்மலானையில் நின்ற அந்த அவ்ரோ, விடுதலைப் புலிகள் வைத்த குண்டில் வெடித்து எரிந்தது. பயணிகள் இறங்கிவிட்டிருந்தார்கள், யாரும் சாகவில்லை. நான் ஏறிய அதே பிளேன். எயார் சிலோன் ஏற்கெனவே நட்டத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தோடு அதன் கதை முடிந்தது. குண்டால்தான் கம்பனி மூடியது என்று சிலர் எழுதுகிறார்கள். எழுதுவது சுலபம். ஒரு பிளேன் போனதற்காகக் கம்பனி மூடாது. கடன், கூட்டாளிகள் விலகியது, அரசியல் நியமனங்கள், எல்லாம் சேர்ந்துதான் மூடியது.

தேடுவதில் நடந்த ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். எயார் சிலோனின் பறப்பு எண்களுக்கு முன்னால் வரும் குறியெழுத்து ஏஇ. அதை வைத்து இணையத்தில் தேடினால் தாய்வானின் மண்டரின் எயார்லைன்ஸ்தான் வந்து நிற்கும். ஒரு கம்பனி மறைந்தால் அதன் எழுத்துகளை இன்னொன்றுக்குக் கொடுத்துவிடுவார்கள். மூன்று நாள் தாய்வான் நேர அட்டவணைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குறியெழுத்தை நம்பாமல் விமானத்தின் பதிவெண்ணை வைத்துத் தேடினால் ஒரு பிளேனின் பிறப்பிலிருந்து உடைத்து விற்றதுவரை கிடைக்கும்.

ஊர்ப் பக்கத்துச் செய்திக்குப் பழைய பத்திரிகைகள்தான் கதி. 1959இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஈழநாட்டில் பலாலிப் பறப்பு விளம்பரங்களும் பிரமுகர் வருகைப் படங்களும் இருக்கும். ஆனால் 1981இல் யாழ் நூலகம் எரிந்த அதே நாட்களில் ஈழநாடு அலுவலகமும் எரிந்தது. மிஞ்சியவற்றில் பலவற்றை 'நூலகம்' என்ற பெயருள்ள நிறுவனம் இணையத்தில் மின்வடிவில் ஏற்றி வைத்திருக்கிறது, இருந்த இடத்திலிருந்தே படிக்கலாம். கொழும்பில் தேசிய சுவடிகள் காப்பகத்தில் கட்டிவைத்த ஆங்கில, தமிழ்ப் பத்திரிகைகள் உண்டு. போகும்போது பென்சில் கொண்டுபோங்கள். முன்கூட்டியே தேதிகளை எழுதிக்கொண்டு போங்கள், "1950கள் முழுக்க" என்று கேட்டால் எந்த அலுவலரும் கையை விரிப்பார்.

வீட்டிலிருக்கும் காகிதம்தான் இதையெல்லாம்விட அவசரமானது. பழைய ரிக்கற் சிவப்புக் கார்பன் தாளில் எழுதியது. வெளிச்சம் பட்டால் எழுத்து மங்கிக்கொண்டே போகும். நான் செய்த முட்டாள்தனம், மாமியின் திருச்சி ரிக்கற்றைப் பாதுகாப்பதாக நினைத்து லமினேட் செய்யக் கொடுத்தது. சூட்டில் பாதி எழுத்து கெட்டுப்போனது. கடைக்காரப் பெடியனில் பிழையில்லை, செய்யச் சொன்னது நான். முதலில் இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுங்கள். பின்பக்கத்தில் கிறுக்கியிருக்கும் சாமான் லிஸ்ட்டையும் சேர்த்து எடுங்கள். மாமியின் ரிக்கற்றின் பின்னால் "குங்குமம் 2, பித்தளை விளக்கு, மல்லிக்குச் சட்டை" என்று மாமாவின் கையெழுத்தில் இருந்தது. மல்லி யார் என்று மாமிக்கே இப்போது நினைவில்லை.

1979க்குப் பிறகான கதையைச் சுருக்கியே சொல்கிறேன். அதற்குச் சாட்சிகள் நிறைய இருக்கிறார்கள். எயார் சிலோனின் இடத்துக்கு வந்த எயார் லங்கா 1979 செப்டம்பர் 1இல் சிங்கப்பூர் எயார்லைன்ஸிடமிருந்து வாடகைக்கு எடுத்த இரண்டு போயிங் 707களோடு பறந்தது. வாலில் மயில். அடுத்து ட்ரைஸ்டார்கள், 1984இல் கிங் விஜய என்று பெயர் சூட்டிய போயிங் 747 ஜம்போ, அதற்குத் துணையாகக் கிங் திஸ்ஸ. நாட்டுக்குத் தாங்காத அளவு. மூன்று வருடத்தில் ஜம்போக்கள் போய்விட்டன. 1986 மே 3இல் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நின்ற ட்ரைஸ்டாரில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். 1998இல் எமிரேட்ஸ் நூற்றுக்கு 40 பங்கை வாங்கியது, அடுத்த வருடம் பெயர் ஸ்ரீலங்கன் ஆனது. 2001 ஜூலை 24 அதே விமான நிலையத்தில் புலிகள் நடத்திய இரவுத் தாக்குதலில் கம்பனியின் விமானத் தொகுதியில் பாதி எரிந்தோ சிதைந்தோ போனது. லண்டன் பறப்பில் ஜனாதிபதியின் குழுவினருக்காக மற்றப் பயணிகளை இறக்க மறுத்த விவகாரத்தின் பின் 2008இல் எமிரேட்ஸ் நிர்வாகத்தை விட்டு விலகியது. மறுபடியும் கூட்டாளி வருகிறார், பிளேன் வருகிறது, கூட்டாளி போகிறார்.

இவற்றில் எந்தத் தேதியிலிருந்து வயதை எண்ணுவது? கம்பனி 1979இலிருந்து எண்ணுகிறது. பழைய ஊழியர்கள் 1947இலிருந்து. என் கட்டுரையின் இரண்டாம் பதிப்பில் இரண்டையும் போட்டுவிட்டேன். இன்னொன்றும் செய்தேன். மாமியின் படத்துக்குக் கீழே பழைய வாசகத்தை அடித்துக்காட்டி, ஏன் பிழை என்று இரண்டு வரி எழுதினேன். சத்தம்போடாமல் திருத்தியிருக்கலாம் என்று சங்கத்துக்காரர் சொன்னார்கள். ஆனால் முதல் மலர் நூற்றுக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. நாளைக்கு யாராவது இரண்டையும் வைத்துக் குழம்பக்கூடாது. அந்தப் பெரியவர் திருத்தத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னது, "இப்பதான் வரலாறு எழுதத் தொடங்கியிருக்கிறீர்." அடுத்த வருடம் அவர் காலமாகிவிட்டார். லோட் ஷீட் கீறிய கொப்பித்தாள் மட்டும் என்னிடம் இருக்கிறது. குரலைப் பதிவுசெய்யத் தோன்றவில்லை. கைத்தொலைபேசி சட்டைப்பையில்தான் இருந்தது.

பலாலி 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் மீண்டும் திறந்தது. நவம்பரில் சென்னைப் பறப்பு தொடங்கி, கொரோனாவோடு நின்று, 2022 டிசம்பரில் மறுபடி ஓடியது. அடுத்த வருடம் மாமியைச் சென்னையில் கண் டொக்டரிடம் காட்டவேண்டியிருந்தது. கொழும்பு சுற்றிப் போகாமல் பலாலியாலேயே கூட்டிப்போனேன். எண்பத்தெட்டு வயதில், அதே ஓடுபாதை. ஏடிஆர் விமானம், இதற்கும் ஏறுவது பின்கதவால்தான். படியில் ஒரு கால் வைத்துவிட்டு மாமி நின்றார். "மேடு இருக்குமே மோனை?" இல்லை மாமி, இது சமம் என்றேன். ஆனாலும் முதுகில் கை கொடுத்தேன்.

ஏறும் முன் வாலைப் பார்த்தேன். விடி. இந்தியப் பதிவு. எயார் சிலோன் முதன்முதலில் பறந்த பாதையில் இன்று பறப்பது இந்திய விமானங்கள். படம் எடுக்கக் கைத்தொலைபேசியைத் தூக்கினேன். விமானப்படைச் சிப்பாய் விரலை ஆட்டினார். பென்சிலை எடுத்து, போர்டிங் பாஸின் பின்னால் ஐந்து எழுத்துகளையும் தேதியையும் எழுதிக்கொண்டேன். அதுவும் சூட்டில் அச்சிடும் தாள், வருடத்துக்குள் வெளிறிவிடும். சென்னையில் இறங்கி முதல் வேலையாக அதைப் போட்டோகொப்பி எடுத்தேன்.